தண்ணீர் எடுத்துக்கொண்டது போக மிச்சமிருக்கும் நிறம்

தூண்டில் இரையாகப் போடும் ரப்பர் புழுவை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கும்போது தெரிகிற நிறம் ஒன்று. அதே புழு எட்டடி ஆழத்தில், மூழ்கிக் கிடக்கும் மரத்தின் ஓரமாகப் போய் விழுந்தபிறகு அதற்கு இருக்கிற நிறம் வேறொன்று. இது எனக்கு உறைக்கப் பல பருவங்கள் பிடித்தன. அதுவரை பாக்கெட்டில் இருந்த பெயரைப் பார்த்தும், வெயிலில் தூக்கிப் பிடித்தால் எப்படி மினுக்குகிறது என்று பார்த்தும்தான் நிறம் தேர்ந்துகொண்டிருந்தேன்.

பாஸ் என்ற நன்னீர் வேட்டை மீனைப் பிடிக்கிறவர்கள் சாஃப்ட் பிளாஸ்டிக் என்று சொல்லும் இந்த மெத்தென்ற இரைகளில்தான் நிறக் குழப்பம் அதிகம். உலோகத் தகட்டு இரை என்றால் பொன், வெள்ளி, செம்பு, அதோடு முடிந்தது. புழுவுக்கும், கிரப் என்ற வாலாட்டும் குட்டை இரைக்கும், இடுக்கி வைத்த கிரேஃபிஷ் (நன்னீர்ச் சிங்கி) உருவத்துக்கும் நூற்றுக்கணக்கில் நிறங்கள் இருக்கின்றன. கிரீன் பம்ப்கின், வாட்டர்மெலன் ரெட், ஜூன்பக், ரெட் ஷாட், மோட்டார் ஆயில், டெக்கீலா சன்ரைஸ், மார்னிங் டான் என்று பெயர்கள் நீளும். சிலர் பெயரே வேண்டாம் என்று எண் போட்டுவிடுகிறார்கள். கேரி யமமோட்டோ நிறுவனத்தின் புழுக்களில் 297 என்றால் கரும்புள்ளி தூவிய கிரீன் பம்ப்கின் என்பது பலருக்கும் மனப்பாடம்.

ஏன் இத்தனை என்று யோசித்தால், செய்முறையிலேயே பதில் இருக்கிறது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரில் நிக் கிரீமும் அவர் மனைவி காஸ்மாவும் 1949இல் செய்த புழுவிலிருந்துதான் இன்றைய பிளாஸ்டிக் புழுக்களின் வரலாறு தொடங்குகிறது. மூலப்பொருள் பிளாஸ்டிசால். பிவிசி தூளை இளக்கி எண்ணெயில் கலந்த, பால் மாதிரியான திரவம் அது. சுமார் 175 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றினால் வெண்மை போய்த் தெளியும். அதில் இரண்டு சொட்டுச் சாயம், ஒரு சிட்டிகை மினுக்குத் தூள் போட்டு அச்சில் ஊற்றினால் புழு. புது உருவம் வேண்டுமென்றால் புது அச்சு வெட்ட வேண்டும். புது நிறத்துக்கு இன்னொரு சொட்டுச் சாயம் போதும். அதனால்தான் உருவங்கள் மெதுவாகவும் நிறங்கள் வேகவேகமாகவும் பெருகுகின்றன. மீனுக்கு அத்தனை நிறமும் தேவை என்பதால் அவை பெருகவில்லை.

எனக்குப் பாடம் தொடங்கியது ஒரு வசந்தகாலக் காலையில். கரையெல்லாம் கோரை. உதிர்ந்த இலைகள் ஊறி ஊறித் தண்ணீர் கடுங்காப்பி நிறத்துக்கு வந்திருந்தது. தூண்டில் நரம்பில், பச்சையில் சிவப்புப் புள்ளி தூவிய ஏழு அங்குல வாட்டர்மெலன் ரெட் புழு கட்டியிருந்தேன். போன வாரம் வேறொரு ஏரியில் நன்றாக மீன் கொடுத்த புழு. இங்கே ஒரு மணி நேரமாக ஒரு தட்டல்கூட இல்லை. படகின் பின்பக்கம் நின்று வீசிக்கொண்டிருந்த அண்ணன் என்னைவிட இருபது வயது மூத்தவர். அதிகம் பேசமாட்டார். திரும்பிப் பார்த்து, "வீசறதுக்கு முன்னாடி அதைப் பக்கத்துலயே இறக்கி ஒரு தடவ பாருப்பா" என்றார்.

படகின் நிழல் விழுந்த பக்கம் புழுவை மெல்ல இறக்கினேன். ஓரடி போவதற்குள் பச்சை காணாமல் போய்ப் பழுப்பானது. இன்னும் அரை அடியில் புழுவின் உருவமே கரைந்துவிட்டது. சிவப்புப் புள்ளிகள் மட்டும் சாம்பலுக்குள் கிடக்கும் கங்கு மாதிரி கொஞ்ச நேரம் தெரிந்தன. அப்புறம் அவையும் இல்லை. அண்ணன் தன் பையிலிருந்து நீலப் பொடி தூவிய கறுப்புப் புழு ஒன்றை எடுத்து நீட்டினார். அதை இறக்கினால் அது இன்னும் சீக்கிரம் மறைந்தது. எனக்குப் புரியவில்லை. "அண்ணே, இது அதைவிட மோசமா இருக்கே" என்றேன்.

"நீ மேல இருந்து பாக்குற. அது கீழ இருந்துல்ல பாக்குது. கைய வானத்துக்கு நேரா தூக்கிப் பிடி. உள்ளங்கை என்ன நிறமாத் தெரியுது?"

தூக்கினேன். விடிந்த வானத்துக்கு எதிரே என் கை வெறும் கறுப்பு. ரேகையோ தோலின் நிறமோ எதுவும் தெரியவில்லை. ஐந்து விரல்களின் விளிம்பு மட்டும் கத்தியால் வெட்டிய மாதிரித் தெளிவாக நின்றது.

புழுவை மாற்றிக் கோரை இடுக்கில் விட்டேன். நரம்பு பக்கவாட்டில் நகர்ந்தது. இழுத்துப் பார்த்தால் மூன்று பவுண்டு இருக்கும் ஒரு பாஸ். ஒரு மீனை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு மிச்ச நேரத்தில் வந்த மீன்கள் எல்லாமே அந்தக் கறுப்புக்குத்தான் வந்தன. அதைவிட, அந்த உள்ளங்கைதான் என்னைவிட்டுப் போகவே இல்லை.

தண்ணீர் எந்த நிறத்தை முதலில் விழுங்கும் என்று கேட்டால், "சிவப்பு" என்று எல்லோரும் சொல்வார்கள். சுத்தமான தண்ணீருக்கு அது சரி. அதில் செந்நிற ஒளி ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துகொண்டே போகும். நீலம்தான் வெகுதூரம் இறங்கும். ஆனால் பாஸ் வாழ்கிற தண்ணீர் அவ்வளவு சுத்தமாக இருப்பது அபூர்வம். இலை ஊறிய தண்ணீரில் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. கரைந்திருக்கும் சாறு முதலில் நீலத்தைக் குடிக்கிறது, பிறகு பச்சையை. கடைசிவரை தாக்குப்பிடிப்பது சிவப்பும் ஆரஞ்சும். என் புழுவில் பச்சை போனபிறகும் சிவப்புப் புள்ளி தெரிந்ததற்குக் காரணம் அதுதான். பாசி மண்டிய பச்சைத் தண்ணீர் வேறு கதை. அங்கே பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் எடுத்துக்கொண்டு பச்சையை விட்டுவைக்கிறது. மழைக்குப் பின் வரும் செம்மண் கலங்கலில் எந்த நிறமும் ஜெயிப்பதில்லை. மிதக்கும் மண்துகள் ஒளியைச் சிதறடித்து எல்லாவற்றுக்கும் மேல் ஒரு திரை போட்டுவிடுகிறது.

ஆக, "தண்ணீர் தெளிவா, கலங்கலா" என்ற கேள்வி பாதிக் கேள்விதான். எதனால் கலங்கியிருக்கிறது என்பது மீதிப் பாதி. பெரும்பாலான நிற அட்டவணைகள் இந்த இரண்டாம் பாதியைத் தொடுவதே இல்லை என்பது என் குறை.

தெளிவை அளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. 1865இல் இத்தாலிய வானியலாளர் ஆஞ்செலோ செக்கி கப்பலிலிருந்து வெள்ளை வட்டத் தட்டுகளைக் கடலில் இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகின்றன என்று குறித்தார். இன்றும் ஏரி ஆய்வாளர்கள் செக்கி தட்டைத்தான் இறக்குகிறார்கள். நான் ஒரு வெள்ளை கிரப்பை இறக்குகிறேன். நாலடிக்கு மேலும் தெரிந்தால் தெளிவு, இரண்டடிக்குள் மறைந்தால் கலங்கல், நடுவில் இருந்தால் நடுவாந்தரம் என்பது என் சொந்தக் கணக்கு. மறைகிற நேரத்தில் வெள்ளை எந்தச் சாயலுக்கு மாறுகிறது என்றும் கவனிப்பேன். மஞ்சள் படர்ந்தால் இலைச்சாறு. பச்சை படர்ந்தால் பாசி.

இனி மீனின் கண். நான் பல வருடம் யோசிக்காமல் விட்ட இடம் இது.

1937இல் இல்லினாயில் ஃபிராங்க் பிரௌன் என்பவர் பெரியவாய் பாஸ்களை வெவ்வேறு நிறங்களுக்குப் பழக்கிப் பார்த்தார். மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்க்கும் மனிதனைப் போலத்தான் அவை நிறங்களைக் காண்கின்றன என்ற முடிவுக்கு வந்தார். பல பத்தாண்டுகள் கழித்து அதே இல்லினாயின் பல்கலைக்கழகத்தில் நடந்து 2019இல் வெளியான ஆய்வு, விழித்திரைக்குள்ளேயே போய்ப் பார்த்தது. நிறம் காண நமக்கு மூன்று வகைக் கூம்புச் செல்கள். பெரியவாய் பாஸுக்கு இரண்டே வகை. ஒன்று 535 நானோமீட்டர் அருகே, அதாவது பச்சையில் கூர்மையானது. இன்னொன்று 614 அருகே, செம்மஞ்சளும் சிவப்பும் சேரும் இடத்தில். நீலத்துக்கென்று தனிக் கூம்பு கிடையாது. சிவப்புக்குப் பழக்கிய மீன் சிவப்பைத் தேடிப் போனது. பச்சைக்குப் பழக்கியது பச்சையைத் தேடிப் போனது. ஆனால் சார்ட்ரூஸ் என்ற பச்சை கலந்த மஞ்சளுக்குப் பழக்கியவை வெள்ளையிடமும் போயின. நீலத்துக்குப் பழக்கியவை கறுப்பிடமும் போயின.

இதைப் படித்த இரவு என் பெட்டிகளைத் தரையில் கொட்டி மறுபடி அடுக்கினேன். கறுப்பு, நீலப் பொடி தூவிய கறுப்பு, கருநீலம் எல்லாம் ஒரே அறைக்குப் போயின. மீனின் கண்ணுக்கு அவை ஏறக்குறைய ஒரே குடும்பம். வெள்ளையும் முத்து நிறமும் சார்ட்ரூஸும் இன்னொரு அறைக்கு. நான் நாளெல்லாம் ஒன்றை மாற்றி ஒன்றாகக் கட்டிப் பார்த்த கறுப்பும் கறுப்பு நீலமும் மீனுக்கு மாற்றமே இல்லை! அதே நேரம் பச்சைக்கும் செம்பழுப்புக்கும் நடுவே நான் அலட்சியமாக விட்ட சிறு வித்தியாசங்கள்தான் அதற்குத் தெளிவாகத் தெரியக்கூடியவை. கிரீன் பம்ப்கினையும் வாட்டர்மெலன் ரெட்டையும் ஒன்றுதான் என்று நினைக்கிறவர்களிடம் இப்போதெல்லாம் இதை விடாமல் சொல்லிவருகிறேன்.

அடுத்தது கிரேஃபிஷ். கல்லடியில் வாழும் இந்தச் சிறு நன்னீர்ச் சிங்கியைப் போல பாஸ் விரும்பித் தின்பது குறைவு. அதனால் வசந்தம் வந்தால் சிவப்புக் கிரேஃபிஷ் இரைகள் சக்கைப்போடு போடும். நானும் சிவப்பைத்தான் கட்டினேன். ஒரு நாள் முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கற்களைப் புரட்ட ஆரம்பித்தேன். மூன்றாவது கல்லுக்கு அடியில் ஒன்று இருந்தது. முதுகோட்டைப் பின்பக்கமாகப் பிடித்துத் தூக்கினால், சிவப்பு என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. முதுகு பாசி படிந்த கல்லின் நிறம், பச்சையும் பழுப்பும் கலந்து நடுநடுவே கருந்திட்டுகள். வயிற்றுப்பக்கம் வெளிறிய சந்தனம். கால்களின் மூட்டுகளில் மெல்லிய நீலம். இடுக்கிகளின் நுனியில் மட்டும் அரை நெல்மணியளவுக்கு ஆரஞ்சு. புரட்டிய மற்ற கற்களில் கிடைத்தவையும் அப்படித்தான். ஒன்று மட்டும் இன்னும் வெளிறி, ஓடு மெத்தென்று இருந்தது. அப்போதுதான் சட்டை உரித்திருக்க வேண்டும்.

நமக்குப் பழக்கமான சிவப்பு, வெந்த கிரேஃபிஷின் சிவப்பு. அதன் ஓட்டில் அஸ்டாசாந்தின் என்ற செந்நிறப் பொருள் இருக்கிறது. உயிரோடு இருக்கும்போது ஒரு புரதம் அதைப் பிடித்துவைத்திருப்பதால் நிறம் நீலமாகவும் பழுப்பாகவும் மாறித் தெரிகிறது. கொதிக்கிற தண்ணீரில் புரதம் குலைந்து, ஒளிந்திருந்த சிவப்பு வெளியே வருகிறது. இயல்பிலேயே செந்நிறமான இனங்களும் உண்டு, அவை வாழ்கிற ஏரியில் சிவப்பு முழுக்கச் சரி. ஆனால் எந்த ஏரியானாலும் சிவப்பு என்று பழகிவிட்டோம். அன்றைக்கு நான் கற்களின் மேல் உட்கார்ந்து, கிரீன் பம்ப்கின் கிரேஃபிஷ் ஒன்றை எடுத்து அதன் இடுக்கி நுனிகளை மட்டும் ஆரஞ்சுச் சாயத்தில் தோய்த்தேன். தோய்த்ததைப் பிடித்ததன் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குக் கிடைத்த சந்தோஷம் மீன் பிடித்த சந்தோஷத்துக்குக் குறைந்ததல்ல. பிடித்ததைத் திரும்ப அதே கல்லடியில் விட்டேன்.

கிரீன் பம்ப்கின் ஏன் எங்கேயும் எடுபடுகிறது என்பதும் அங்கேதான் புரிந்தது. அது ஒரு பிராணியின் நிறமே இல்லை. ஏரித் தரையின் நிறம். கிரேஃபிஷ், தரையோடு ஒட்டி வாழும் குட்டி மீன், தும்பியின் நீர்ப்புழு, எல்லாமே ஒளிந்துகொள்ள அந்த நிறத்தைத்தான் உடுத்திக்கொள்கின்றன. தெளிந்த, நடுவாந்தரத் தண்ணீரில் ஒரே ஒரு பாக்கெட் மட்டும் எடுத்துப் போகச் சொன்னால் யோசிக்காமல் அதைத்தான் எடுப்பேன். ஷாட் என்ற வெள்ளி நிறச் சிறு மீன்களைத் துரத்தி நடு ஏரியில் பாஸ் வேட்டையாடும்போது மட்டும் அதை மூடிவைத்துவிட்டு வெள்ளை அல்லது முத்து நிறத்துக்குப் போவேன்.

தெளிந்த தண்ணீரில் நிறத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. ஒளி புழுவுக்குள் புகுந்து வெளியே வருகிறதா என்பது. பன்னிரண்டடி ஆழத்துக் கூழாங்கல்லை எண்ணலாம் போலிருந்த ஒரு ஏரியில், படகுத்துறைத் தூண்களின் நிழலில் நின்ற மீன்களைக் கண்ணாலேயே பார்த்து வீசினேன். எடை இல்லாமல் நடுவில் முள் கோத்த, ஒளி புகாத கிரீன் பம்ப்கின் புழு. அது இரண்டு முனையும் நடுங்கிக்கொண்டே இறங்க, ஒரு பாஸ் எழுந்து வந்தது. ஒரு சாண் தூரத்தில் நின்று பார்த்தது. செவுள் ஒருமுறை விரிந்து மூடியது. திரும்பிப் போய்விட்டது. இரண்டாம் தடவையும் அப்படியே. அதே நீளம், அதே முள், அதே எடை. நிறத்தை மட்டும் மாற்றி, ஒளி ஊடுருவுகிற வாட்டர்மெலனில் மிளகுப்பொடி மாதிரி நுண்ணிய கரும்புள்ளி போட்டதைக் கட்டினேன். மூன்றாவது வீச்சில் அதே தூணிலிருந்து வந்து வாயைத் திறந்து மூடியது. புழு இருந்த இடத்தில் புழு இல்லை.

குட்டி மீன்களின் உடம்பும் ஒளியைப் பாதி விட்டுவிடும். அவற்றுக்கு அழுத்தமான விளிம்பு கிடையாது. கெட்டிச் சாயம் போட்ட புழுவுக்கு அந்த விளிம்பு இருக்கிறது. தெளிந்த தண்ணீரில் அது சந்தேகத்தைக் கிளப்புகிறது என்பது என் எண்ணம். கலங்கலிலும் இருட்டிலும் அதே விளிம்புதான் மீனுக்கு இருக்கிற ஒரே துப்பு. அதனால் கலங்கலுக்கு ஒளி புகாத கறுப்பும் கருஊதா ஜூன்பக்கும். கறுப்புக்குத் தண்ணீரிடம் பறிகொடுக்க ஒன்றுமில்லை. எத்தனை அடி இறங்கினாலும் கறுப்புதான். சார்ட்ரூஸ் பிழைப்பது வேறு வழியில். அந்தச் சாயம் தன்மேல் படுகிற குறுகிய அலைநீள ஒளியை வாங்கி மஞ்சள்பச்சையாக உமிழ்கிறது. மங்கலான தண்ணீரில் வாலில் அரை அங்குலம் தோய்த்துவிட்டால் புழு எந்தப் பக்கம் அசைகிறது என்று மீனுக்குத் தெரியும். முழுப் புழுவையும் சார்ட்ரூஸில் போடுவது எனக்குப் பிடிப்பதில்லை.

பெட்டி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கரும் நிறங்களையும் வெளிர் நிறங்களையும் ஒன்றாகப் போடாதீர்கள். பிளாஸ்டிசாலில் சாயம் நகரும். ஒரு கோடை முழுக்க ரெட் ஷாட் புழுக்களோடு கிடந்த என் முத்து நிற கிரப்புகள் எல்லாம் இளஞ்சிவப்பாகிவிட்டன. இலாஸ்டெக் என்ற வேறுவகைப் பொருளில் செய்த இரைகளைச் சாதாரணப் புழுக்களோடு சேர்த்தால் இரண்டும் உருகி ஒட்டிக்கொள்ளும். எதையும் அதனதன் பாக்கெட்டிலேயே விடுங்கள்.

1980களில் ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தின் லோரன் ஹில் என்ற ஆய்வாளர் கலர்-சி-லெக்டர் என்றொரு கருவியைக் கொண்டுவந்தார். ஒளியுணர் முனையைத் தண்ணீரில் இறக்கினால், அந்த ஆழத்துக்கு எந்த நிறம் என்று முள் காட்டும். பலர் அதை வாங்கினார்கள். இன்று படகுகளில் அதைப் பார்ப்பது அரிது. ஆனாலும் அந்தக் கருவியின் அடிப்படை எண்ணத்தின்மேல் எனக்கு மதிப்பு உண்டு. நிறத்தைப் பாக்கெட்டிடம் கேட்காமல் தண்ணீரிடம் கேட்டது.

இடம், ஆழம், வேகம் இந்த மூன்றும் சரியாக இல்லாவிட்டால் எந்த நிறமும் கைகொடுக்காது. மீன் இல்லாத இடத்தில் பத்து நிறம் மாற்றுவதைவிடப் படகை நகர்த்துவது மேல். நான் நிறத்தை மாற்றுவது இரண்டே சந்தர்ப்பங்களில். மீன் பின்தொடர்ந்து வந்து திரும்பும்போதும், வாலை மட்டும் கடித்துவிட்டு விடும்போதும். அப்போதும் பக்கத்து நிறத்துக்குப் போவதில்லை. ஒளி புகுவதிலிருந்து புகாததுக்கு, வெளிறியதிலிருந்து கருமைக்கு என்று மீனின் கண்ணுக்கும் மாற்றமாகத் தெரிகிற தூரத்துக்குத் தாவுகிறேன்.

சென்ற இலையுதிர் காலத்தில் ஒரு மாலை. பாறைகள் சரிந்து இறங்கும் கரை, தண்ணீர் நடுவாந்தரம். ஆரஞ்சு நுனி வைத்த என் கிரீன் பம்ப்கின் கிரேஃபிஷுக்கு மதியத்திலிருந்து மூன்று மீன் வந்திருந்தது. சூரியன் மரங்களுக்குப் பின்னால் போனதும் கடி நின்றது. பிறகு ஒன்று மட்டும் அரைமனதாகக் கடித்து, உதட்டு ஓரத்தில் முள் ஏறி வந்தது. முள்ளைக் கழற்ற வாயைத் திறந்தபோது தொண்டைக்குள் இரண்டு மீசைகள் நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றுக்குக் கீழே, பாதி விழுங்கிய ஒரு கிரேஃபிஷின் இடுக்கி. மங்கிய வெளிச்சத்தில் குனிந்து என் இரையை அதன் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். நுனியின் ஆரஞ்சு சரியாகத்தான் இருந்தது. மற்றதெல்லாம் என்னுடையதைவிட இரண்டு பங்கு கறுத்திருந்தது. மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டு, கைவிளக்கைப் பல்லில் கவ்விக்கொண்டு, கறுப்பு அறையைத் திறந்தேன்.